நட்சத்திரம் போட்ட பெயர்

சீதாலெட்சுமிக்கு இடி என்றால் பயம். ஊசி என்றால் அதைவிடப் பயம். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் மத்தியானம், இந்த இரண்டு பயமும் சேர்ந்துகொண்டு வந்து அவளைப் பிடித்தன. கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பயப்படாதவர்களுக்குப் பயத்தைப் பற்றி என்ன தெரியும்?

அவள் வேலை பார்த்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில். ரத்த தானம் கொடுக்கிறவர்களைச் சேர்த்துவைக்கும் சின்னச் சங்கம் அது. இரண்டு மேசை, ஒரு டெலிபோன், யாரோ ஒரு புண்ணியவான் தன் ஆபிஸுக்குப் புதுசு வாங்கியபோது தூக்கிக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். சங்கத்தின் உயிர் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது: நெகட்டிவ் ரத்தக்காரர்கள் அறுபத்தோரு பேரின் பெயர், ஊர், ரத்த வகை, டெலிபோன் நம்பர். நெகட்டிவ் ரத்தம் இந்த நாட்டில் லேசில் கிடைக்கிற சாமான் இல்லை. ஆஸ்பத்திரிகளில் கையிருப்பு தீர்ந்துபோனால் சங்கத்துச் செயலாளர் தியாகராசாவைத் தேடுவார்கள். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நிமிஷம் தாமதமானாலும் கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷர்.

அறுபத்தோராவது பெயர் சீதாலெட்சுமியுடையது. அவளுக்கு ஓ நெகட்டிவ். பையன் பிறந்தபோது தெரிந்த சங்கதி. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்துவிட்டாள். தியாகராசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நிமிஷமே பட்டியலில் ஏற்றச் சொன்னார். ஒரு தடவை கொடுத்தும் பார்த்தாள். கொடுத்துவிட்டு எழுந்தவள் கண் இருட்டி, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உருண்டு, முன்பல்லில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அவள் புருஷன் பாலன் அன்றிலிருந்து அவளை அரைப்பல்லு என்று கூப்பிட்டான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஆபிஸ் டெலிபோன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும், இன்றைக்கு என் முறையோ என்று பயந்து, ஐந்தாறு மணி அடித்த பிறகுதான் எடுப்பாள்.

அன்று ஆபிஸில் அவளைத் தவிர யாருமில்லை. தியாகராசா கிள்ளானில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தம்பியைப் பார்க்கப் போயிருந்தார். ஆள் இல்லாத தைரியத்தில் சீதாலெட்சுமி பட்டியலைத் திறந்து தன் பெயரை அழித்தாள். வெறுமனே அழித்தால் அந்தக் கம்ப்யூட்டரில் பெயர் போய்விடாது. அழித்தது என்று ஒரு அடையாளம் மட்டும் விழும். அடையாளம் விழுந்ததை அடியோடு துடைத்துப் பட்டியலைச் சீராக்க இன்னொரு கட்டளை உண்டு. அதையும் கொடுத்தாள். பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. அறுபது பெயர்தான் இனி. யாருக்குத் தெரியப்போகிறது?

அந்த நேரம் பார்த்து ரயில் தண்டவாளத்துப் பக்கம் இடி ஒன்று விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்கு முன்னால் இடி வருவதும், வந்ததும் வீட்டுக்கு வீடு டிவி பிளக்கைப் பிடுங்குவதும் புதுசா என்ன? சீதாலெட்சுமியின் கை யோசிக்கவில்லை. குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டது. கம்ப்யூட்டர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்ற பிறகுதான் அவளுக்கு அந்தச் சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது.

கால்மணி நேரம் கழித்து, இடி தூரப் போனதும், பிளக்கைச் செருகி முடுக்கினாள். திரை வெளுத்தது. வழக்கமாக ஓடும் எழுத்துகள் பாதியில் நின்றன. ஏதோ ஒன்றைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. மறுபடியும் அணைத்து முடுக்கினாள். அதே வரி. மூன்றாம் தடவை பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு முடுக்கினாள். அதே வரிதான்.

டெலிபோன் அடித்தது.

கிள்ளானிலிருந்து தியாகராசா. ஆஸ்பத்திரியில் அவரைத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து பிடித்துக்கொண்டாளாம். லெட்சுமி என்று ஒரு பெண், இருபத்து நான்கு வயசு, தலைப்பிரசவம், குழந்தை பிறந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருந்த இரண்டு பையும் ஏறிவிட்டது. தீபாவளி வாரம், கேட்ட இடத்திலெல்லாம் கையை விரிக்கிறார்கள். பட்டியலில் இருக்கும் ஓ நெகட்டிவ் ஆட்களைக் கூப்பிட்டு, கிள்ளானுக்கு உடனே வரச் சொல்லு, அரை மணியில் மறுபடி எடுக்கிறேன் என்றார். கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். "சரி சார்" என்றுதான் வந்தது.

ரிசீவரை வைத்ததும் அலமாரியைத் திறந்தாள். பழைய கைப்பட எழுதிய அட்டைகள்? கம்ப்யூட்டர் வந்த பிறகு எதற்கு இந்தக் குப்பை என்று போன மாசம் அவள்தான் பழைய பேப்பர் வேன்காரனிடம் தூக்கிப் போட்டாள். நகல் எடுத்துவைத்த டிஸ்கெட்? அலமாரியைக் கிளறி எடுத்துப் பார்த்தாள். உள்ளே கறுப்பு வட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஈரம் பிடித்த சுவரோரம் வைத்தது யார்? அதுவும் அவள்தான். அங்கே ஒருத்தி ரத்தம் போய்க்கொண்டு கிடக்கிறாள். அவளைக் காப்பாற்றக்கூடிய ஆட்களை நான் ஒரு பிளக்கோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்.

பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வேலாயுதத்தைக் கூப்பிட்டாள். சங்கத்துக்காக இந்தப் பெட்டியை ஓசியில் பார்த்துக்கொடுக்கிறவர். அவர் கிளம்பி வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும், ரோடெல்லாம் நெரிசல், டெலிபோனிலேயே செய்வோம் என்றார். என்ன நடந்தது என்று கேட்டார். திரையில் நின்ற வரியைப் படித்துக்காட்டி, இடி விழுந்துவிட்டது என்றாள்.

வேலாயுதம் நம்பவில்லை. இடி விழுந்திருந்தால் திரையில் ஒரு எழுத்துகூட வராது, அவருக்குத் தெரியாதா?

"சீதா, நீ என்ன செஞ்சிக்கிட்டு இருந்தப்ப நின்னுச்சுன்னு சொன்னாத்தான் எனக்கு வழி தெரியும். யாரும் உன்னை ஏச மாட்டாங்க லா. சொல்லு."

"ஒரு பேரை அழிச்சேன் அண்ணே. துடைக்கச் சொல்லிட்டு இருந்தப்ப, பயத்துல பிளக்கைப் புடுங்கிட்டேன்."

யார் பெயர் என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோடி புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள். மேசை இழுப்பறையில் நீல ஒட்டுத்தாளோடு ஒரு டிஸ்கெட் இருக்கும், அதைப் போட்டு முடுக்கு என்றார். போட்டாள். பெட்டி கரகரவென்று அரைத்தது. அரைத்துக்கொண்டே இருந்தது. அவள் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். கடைசியில் திரையின் இடது மூலையில் ஒரு எழுத்து வந்து கண் சிமிட்டியது. ஆள் போகவில்லை, மயக்கம்தான் என்று வேலாயுதம் சொன்னார். அவர் சொன்னதற்கு அவள் விழுந்து விழுந்து நன்றி சொன்னாள்.

சந்தோஷம் ஒரு நிமிஷம் நிலைக்கவில்லை. பட்டியலின் பெயர் திரையில் இருந்தது. அதற்கு நேரே அளவு பூஜ்யம் என்று இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சீதாலெட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. வேலாயுதம் அதட்டினார். சாமான் உள்ளேதான் எங்கேயாவது சிதறிக் கிடக்கும், பொறுக்கச் சொல்லலாம் என்று ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை கேட்டு அடித்தாள். சொந்தக்காரன் இல்லாத துண்டுகள் இத்தனை கிடக்கின்றன, சேர்த்துவைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அடித்தாள்.

இதற்கு நடுவே இருபத்தைந்து நிமிஷம் ஓடிவிட்டது. ஆபிஸில் ஒரே டெலிபோன். கிள்ளானில் தியாகராசா காசைப் போட்டுப் போட்டு, லைன் கிடைக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். வைக்கவும் முடியவில்லை, வைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதல் துண்டைத் திறந்தாள், கிறுக்கல். இரண்டாவதும் கிறுக்கல். மூன்றாவதைத் திறந்ததும் திரை முழுக்கப் பெயர்கள், இடைவெளியில்லாமல், ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஓடின. சுங்கை பூலோ, செமினி, நம்பர், பெயர், மறுபடி ஊர். அவள் சத்தம் போட்டே அழுதாள். ஓ நெகட்டிவை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள் என்றார் வேலாயுதம். எழுதினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மற்றதெல்லாம் வேறு வகை. திரையின் கடைசி வரியில் நான்காவது ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம்.

"அண்ணே, முன்னால ஸ்டார் போட்டு ஒண்ணு இருக்கு."

"அது நீ அழிச்ச ஆளு. மிச்சத் துண்டெல்லாம் பார்க்க நேரமில்ல, மூணையும் கூப்பிடு, அதை விட்டுடு."

விட்டுடு. அவரே சொல்லிவிட்டார். சீதாலெட்சுமி சரி என்று வைத்துவிட்டு முதல் நம்பரைச் சுழற்றினாள். சுங்கை பூலோக்காரர் குடும்பத்தோடு பினாங்குக்குப் போய்விட்டார், நாளைக்குத்தான் வருவார். இரண்டாவது நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது செமினியில் வீரம்மா என்று ஒரு டீச்சர். அவர் எடுத்தார், உடனே கிளம்புகிறேன் என்றார். சீதாலெட்சுமிக்கு உயிர் வந்தது. ஆனால் கார் புருஷனிடம், அவரை வரவழைத்து செமினியிலிருந்து கிள்ளானுக்குப் போய்ச்சேர ஆறரை, ஏழு மணி ஆகிவிடும் என்று வீரம்மா வருத்தத்தோடு சொன்னார். பரவாயில்லை வாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள்.

வைத்த கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

தியாகராசாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. டாக்டர் மறுபடி வந்து கேட்டுவிட்டுப் போனாராம், ஏழு மணிவரை தாங்காதாம். "எத்தினை பேர் பிள்ளை கிடைச்சவை?" என்றார்.

சீதாலெட்சுமி திரையைப் பார்த்தாள். நட்சத்திரம் அப்படியே நின்றது. அந்தப் பெயருக்கு நேரே, அவள் இப்போது காதில் வைத்திருந்த இந்த டெலிபோனின் நம்பர். அதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரு சுவிட்சைத் தட்டினால் இருட்டு. வீரம்மா டீச்சர் வருகிறார் என்று சொன்னால் பொய்யும் இல்லை. அவள் நாக்கு உடைந்த பல்லைத் தடவியது. அந்தப் படிக்கட்டும், கண்ணில் வந்து கவிந்த இருட்டும், முழங்கைக்குள் ஊசி நுழைந்த அந்தக் குளிரும் ஒன்றாக ஏறி வந்தன. பயம், சும்மா இல்லை, உடம்பெல்லாம் வியர்க்கிற பயம்.

"ஒரு டீச்சர் ஏழு மணிக்கு வருவாங்க சார். அதுக்கு முன்னால இன்னொரு ஆள் இருக்கு."

"ஆர் அது? எங்கயிருந்து?"

"பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து சார். கீழ டாக்சி நிக்குது. நான் வர்றேன்."

அந்தப் பக்கம் தியாகராசா கடிகாரத்தைப் பார்த்திருப்பார். கெதியா வா பிள்ளை, நேரமில்லை என்றார்.

கிள்ளான் போகிற வழி முழுக்க மழை. டாக்சிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, ஆன்டி உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையைப் பிடித்தபோது, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, படுக்க வெச்சே எடுங்க, நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்க என்றாள். உண்மையாகவே ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னாள். நர்ஸ் கேட்கவில்லை.

அந்தப் பை லெட்சுமியை ஏழு மணிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. வீரம்மா டீச்சருடையது அதற்கு மேலே. காலையில் லெட்சுமி கண் திறந்து, பிள்ளை என்ன பிள்ளை என்று கேட்டாளாம். பெண் பிள்ளை. சீதாலெட்சுமி இந்தத் தடவை விழவில்லை. இரண்டு மணி நேரம் கட்டிலைவிட்டு இறங்கினால்தானே விழுவதற்கு!

மூன்று நாள் கழித்து வேலாயுதம் நேரில் வந்து கம்ப்யூட்டரைச் சரிப்படுத்தினார். துண்டுகளை ஒட்டி நாற்பத்து நான்கு பேரை மீட்டார். மிச்சப் பேரைக் கடிதம் போட்டுத்தான் தேட வேண்டும். ஒட்டிய பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவர் நட்சத்திரத்தில் வந்து நின்றார். அந்தப் பெயரைப் படித்தார். சீதாலெட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தியாகராசா அடுத்த மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஸ்டாரை எடுக்க முடியுமா அண்ணே என்று அவள் மெதுவாகக் கேட்டாள். முடியும், ஒரு சொல்தான் என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்காரச் சொன்னார். அவர் சொன்ன சொல்லை அவள் அடித்தாள். நட்சத்திரம் போய்விட்டது. பிளக் சுவரில் உறுதியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

டெலிபோன் அடித்தது. இன்றைக்கு என் முறையோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது, முன்னைப்போலவே. இரண்டாம் மணிக்குள் எடுத்துவிட்டாள்.