கடைசி ஆறு எண்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகவே என் வீட்டுக்கு போன் போட்டது. போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு லேண்ட்லைன் மணி அடித்தது. எடுத்தேன். “நாலு இஞ்ச் பேண்டேஜ் அறுநூறு ரோல், ஆறு இஞ்ச் முந்நூறு. எழுதிக்கிட்டியளா?” என்றது ஒரு பெண் குரல். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அடுத்த நாளுக்குள் வெவ்வேறு குரல்களில் இன்னும் ஐந்து அழைப்புகள். ஏழாவதாக மறுபடி அதே பெண். அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. எழுத உட்கார்ந்து ஒன்றும் வராதவனின் எரிச்சல் அது. பாவம், அவள் தலையில் விடிந்தது.

(எண்ணை இங்கே தர மாட்டேன். தந்தால் நீங்களும் அடித்துப் பார்ப்பீர்கள்.)

2

முதல் வரியாக இதை எழுதினேன்: செண்பகத்தோப்புக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்த அந்த மாலையில்…

அடித்துவிட்டேன். பேண்டேஜ் கதைக்கு மேகம் எதற்கு?

அடுத்தது: கௌதம்ராஜ் என்ற இன்ஜினியர் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கி…

இவனையும் வந்த வழியே அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு டீ கேட்பான் போலிருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றும் தெரியாவிட்டாலும் விடாமல் நிற்கிற ஆள். அப்படித்தான் பிரிஸ்கில்லா வந்தாள்.

3

பிரிஸ்கில்லாவுக்கு இருபத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் சங்கரலிங்கத்தின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஆபீஸ் வேலை. பழைய லேண்ட்லைன் மாதத்தில் பாதி நாள் செத்துக் கிடக்கிறது என்று முதலாளியோடு மல்லுக்கட்டி, இன்டர்நெட் வழியாகப் பேசும் சென்னை எண் ஒன்றை வாங்கவைத்தவள் அவள்தான். பழைய இணைப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பில் புக்கில் புது எண் அச்சானது. அன்றிலிருந்து, லேண்ட்லைனில் கூப்பிடும் வாடிக்கையாளர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஊமையானார்கள். அதில் பெரிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசுபத்திரி ஒன்று. அங்கே ஸ்டோருக்குப் பொறுப்பு வெள்ளத்தாய்.

சங்கரலிங்கம் சத்தம் போடவில்லை. “சனிக்கிழமைக்குள்ள அந்த வெள்ளத்தாய் ஆசுபத்திரி போன்லருந்து அடிச்சு இங்க மணி கேக்கணும். கேக்கலன்னா இந்தப் போனையும் நிப்பாட்டுதேன், நீயும் வேற எடம் பாத்துக்கோ தாயி.”

“கேக்கும் மொதலாளி,” என்றாள் பிரிஸ்கில்லா.

எப்படி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

4

தன் செல்லிலிருந்து அடித்தாள். மணி கேட்டது. எண் கொடுத்த கம்பெனியைக் கூப்பிட்டாள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். மூன்று தடவை போட்டாள். பக்கத்து மில்லில் கெஞ்சிக் கூத்தாடி, அவர்கள் லேண்ட்லைனில் ஜீரோ போட்டு, சென்னை எஸ்.டி.டி. கோடு நாற்பத்து நாலு போட்டு, எட்டு எண்ணையும் அடித்தாள். அதிலும் மணி கேட்டது.

நோட்டில் எழுதினாள்: நம் போன் நன்றாக இருக்கிறது. லைன் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது அடிக்கிற விரல்.*

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினாள்.

* கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. அவள் ‘நேர்ல போய்ப் பாக்கணும்’ என்று எழுதியிருப்பாள். அவளுக்கு வேலை இருந்தது.

5

வெள்ளத்தாய் முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஒங்க கம்பெனியில எவனோ ஒருத்தன் போன எடுத்து எரிஞ்சு விழுதான். ஆர்டர் சொன்னா ஏசுதான். நான் வேற கம்பெனி பாக்கப் போறேன்.”

(அந்த ஒருத்தன் நான்தான். இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்துகொள்கிறேன்.)

“அக்கா, எம் முன்னாடி ஒரே ஒரு தடவ அடிங்க. அது போதும்.”

வெள்ளத்தாய் புது எண் அச்சான பில்லை எடுத்து மேஜையில் வைத்தாள். கட்டைவிரலால் எண்ணின் முன்பகுதியை மறைத்துக்கொண்டு, கடைசி ஆறு எண்ணை மட்டும் அழுத்தப் போனாள்.

“முன்னாடி உள்ளத ஏங்க்கா விட்டுட்டிய?”

“அது கோடுல்லா. ஏட்டி, ராஜபாளையத்துக்கு எவளாவது கோடு போடுவாளா?”

யாரும் போட மாட்டார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே கோடு; ஆறு எண் அடித்தால் போதும். முப்பது வருஷப் பழக்கம் அது. எவ்வளவு நீளமாக எண்ணைக் கொடுத்தாலும் முன்னால் இருப்பதை ஒதுக்கிவிட்டுக் கடைசி ஆறைத்தான் அடிப்பார்கள். அந்த ஆறு என் வீட்டு எண்ணாக அமைந்தது என் தலையெழுத்து.

பிரிஸ்கில்லா ஜீரோவும் கோடும் போட்டு அடிக்கச் சொன்னாள். “வெளியூரு போகாது. பூட்டி வச்சிருக்காவ.” செல்லில்? “எஞ்சொந்த செல்லுல ஆசுபத்திரி வேல பாக்க மாட்டேன்.” அவள் எண் கொடுத்த கம்பெனியைக் கூப்பிட்டு, இந்த ஊர்க் கோடுள்ள ஆறு எண் ஒன்று கேட்டாள். புதன்கிழமை தருகிறோம் என்றார்கள். மறுநாள் சனிக்கிழமை.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். நான் நிச்சயம் திரும்பியிருப்பேன். பிரிஸ்கில்லா ரிசீவரை எடுத்து அந்தக் கடைசி ஆறு எண்ணை அடித்தாள்.

6

என் வீட்டில் மணி அடித்தது. “ராங்…” என்று ஆரம்பித்தேன்.

“வைக்காதீங்க சார். வச்சா திரும்ப அடிப்பேன்.” விஷயத்தை முழுக்கச் சொன்னாள். “ஒங்க வீட்டுக்கு வார போன் கால எல்லாம் எங்க நம்பருக்குத் திருப்பி விடுங்க. புதன்கிழம வரைக்கும். செத்த நேர வேலதான்.”

என்னிடம் அப்போது இரண்டு முடிவுகள் இருந்தன. (அ) நான் மறுக்கிறேன், அவளுக்கு வேலை போகிறது. அழுத்தமான கதை, பத்திரிகையில் போடுவார்கள். (ஆ) நான் சம்மதிக்கிறேன், சனிக்கிழமை மணி கேட்கிறது, சங்கரலிங்கம் லட்டு வாங்கி… (வேண்டாம், நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

ஆனால் நான் தயங்கியதற்குக் காரணம் வேறு. அழைப்புகளைத் திருப்பிவிட்டால் அப்புறம் என் போனில் எதுவும் வராது. முடிவு அவள் மேஜையில் மணி அடிக்கும், என் காதில் விழாது. தன் கதையின் முடிவை எந்த எழுத்தாளன் தூக்கிக் கொடுப்பான்?

“யோசிக்கியளா சார்?”

“ஒரு கதை எழுதிக்கிட்டு இருக்கேம்மா…”

“எழுதுங்க சார். இதத் திருப்பி விட்டுட்டுப் பொறவு எழுதுங்க.”

7

திருப்பிவிட்டேன். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். வைப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் நிற்கும் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். சொன்னாளா, வெள்ளத்தாய் மறுபடி அடித்தாளா, தெரியாது.

இன்று சனிக்கிழமை. நேற்று மதியத்திலிருந்து என் போன் வாயே திறக்கவில்லை. நான் அழுத்தியது சரியாக வேலை செய்கிறது என்று இருக்கலாம். கோபம் தீராமல் வெள்ளத்தாய் போனைத் தொடவே இல்லை என்றும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று இங்கிருந்து கண்டுபிடிக்க முடியாது. ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் நன்றாகவே வருகிறது.

நீங்கள் இதைப் படிக்கும்போது சனிக்கிழமை முடிந்திருக்கும். ராஜபாளையம் பக்கம் போனால் பேண்டேஜ் கம்பெனிகளில் விசாரித்துப் பாருங்கள். பிரிஸ்கில்லா என்று ஒருத்தி இன்னும் அந்த நாற்காலியில் இருந்தால் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். போன் செய்ய வேண்டாம். செய்தால் அவள்தான் எடுப்பாள், எடுக்க வேண்டும்.