பாலத்தில் குனிந்தவன்

அன்று காலை பதினொன்றரைக்குள் இசானாவை ஒன்பது முறை கொன்றுவிட்டேன். கொல்வது நானில்லை, பாலத்தின் மறுமுனையிலிருந்து வரும் சிப்பாய்கள். ஆனால் அவனை நடத்திக்கொண்டு போய் அங்கே நிறுத்துவது என் கட்டைவிரல்தான். கையடக்கக் கருவியின் சின்னத் திரையில் அவன் வாளை உருவுவான். பத்துப் பேரை வீழ்த்துவான், இருபது பேரை வீழ்த்துவான், அப்புறம் இன்னும் நாற்பது பேர் வருவார்கள். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் விளையாடினாலும் ஜெயிக்க முடியாதபடிதான் செய்திருந்தார்கள். அவன் விழுந்ததும் திரை வெளுக்கும். நான் தாளில் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். சரியாகச் செத்தான் என்று அர்த்தம்.

என் பெயர் மியாசே; அலுவலகத்தில் மரியாதைக்கு மியாசே சான். நாற்பத்திரண்டு வயதுக்காரி. சப்போரோவில் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் பிழை தேடுவது என் வேலை. ஒப்பந்த வேலை. ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை சட்டப்படி நமக்கு வந்துவிடும். அதனால் எங்கள் மாடியில் யாரும் ஐந்து வருடத்தைத் தாண்டியதில்லை. எனக்கு அந்த மார்ச் முப்பத்தொன்றோடு ஐந்து. எனக்கு முன்னால் நான்கு பேர் பூங்கொத்து வாங்கிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் போன இலையுதிர்காலத்தில் பிரிவுத் தலைவர் ஒனோதேரா என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "இந்த ஆட்டம் மட்டும் நல்லபடியா வெளிய போகட்டும் மியாசே சான், உங்க பேரை நானே மேல சொல்றேன்" என்றபோது நம்பினேன். தெரிந்தே நம்பினேன். 

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் வந்த முதல் ஆட்டத்தில் இசானா என்று ஒருவன் கிடையாது. தொடக்கத்தில் வரும் ஊரில் ஒரு பாலம் இருக்கும். அதன் கைப்பிடியில் சாயம் போன சிவப்புத் துணி ஒன்று கட்டியிருக்கும். பக்கத்தில் போய்ப் பொத்தானை அமுக்கினால், 'ஊர் தப்பிக்கும்வரை இங்கே ஒருவன் நின்றான்' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக ஜனங்கள் பத்து வருடம் கடிதம் எழுதினார்கள். அந்த ஒருவனின் கதைதான் இப்போது முன்கதையாக வருகிறது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் முடிவு தெரியும். இருந்தும் முன்பதிவுக் கூட்டம் தாங்கவில்லை.

பக்கத்து நாற்காலி நாகிக்கு முதல் ஆட்டம் என்றால் பைத்தியம். பள்ளிக்கூடக் காலத்தில் அந்தத் துணிக்கு முன்னால் கருவியை வைத்துவிட்டு அழுதவள். மதியம் சால்மன் வைத்த அரிசி உருண்டையின் உறையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனை தடவை கொன்னீங்க?"

"ஒம்பது."

"பாவி. கை நடுங்கல?"

"நடுங்கினா பிழைன்னு எழுதிடுவாங்க. சரி, சாகப்போறான்னு தெரிஞ்சும் எதுக்கு இதைக் காசு குடுத்து முன்பதிவு பண்றீங்க? எனக்குப் புரியவே மாட்டேங்குது."

"தெரிஞ்சதாலதான்." வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "மூணாவது அத்தியாயத்துல மீன் சுட்டுத் தின்னுட்டு, அடுத்த வருசம் இதே எடத்துக்கு வரலாம்டான்னு சிரிப்பான்ல? அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் எப்படிங்க கருவியைக் கீழ வைக்கிறது? ரயில்ல போனா பையில கூடவே வருவான். அவனைத் தனியா அனுப்ப மனசு வரல. அவ்வளவுதான்."

"நீங்கதான் அவனைப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க."

"ஆமா. கூடப் போறேன்ல?"

எனக்குச் சுருக்கென்றது. என்னோடு யார் வந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் தேநீர் எடுக்க எழுந்து போனேன்.

வெந்நீர்ப் பானைக்கு மேலே, சுவரில், ஏப்ரல் மாதத்துக்கான இருக்கை வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். யாரோ அவசரக்குடுக்கை முன்கூட்டியே ஒட்டிவிட்டிருக்க வேண்டும். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நாகியின் பெயர் இருந்தது. ஜன்னலோரத்துச் செடிக்குக்கூடத் தனியாக ஒரு கட்டம் போட்டுச் செடி என்று எழுதியிருந்தார்கள். என் கட்டத்தில் அச்சுப்பொறி என்று இருந்தது.

கோப்பையை நிரப்பாமலே திரும்பி வந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து கருவியை எடுத்தேன். பாலம், பனி, சிப்பாய்கள். வாளை உருவச் சொல்லித் திரை ஓரத்தில் பொத்தான் மினுக்கியது. போடா, உருவமாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். இனி ஒரு தடவைகூட உங்களுக்காக யாரையும் வெட்டமாட்டேன். வாளைத் தவிர அந்த ஆட்டத்தில் வேறு என்ன செய்ய முடியும்? ஓடலாம், மருந்து குடிக்கலாம், வணங்கலாம். கடுப்பில் கருவியின் இடது மேல்முனைப் பொத்தானையும் கீழ் அம்பையும் சேர்த்து அமுக்கினேன். இசானா நாற்பது பேருக்கு முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்தான்.

சிப்பாய்கள் நின்றார்கள். முன்வரிசை ஈட்டிகளை இறக்கியது. பிறகு நாற்பது பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. இரண்டாவது அத்தியாயத்தில் பயிற்சிக்கூடம் வரும். அங்கே சண்டைக்கு முன்னால் வணங்கியாக வேண்டும். நாம் வணங்கினால் எதிராளியும் வணங்குவான், நாம் நிமிரும்வரை அவனும் நிமிரமாட்டான். அந்த மரியாதையை அவ்வளவு சிரத்தையாக எழுதியிருந்தார்கள். நேரம் போதாமல் அதே ஆட்களுக்குக் கவசம் மாட்டிப் பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். கொல்ல வந்தவர்களுக்குள் அந்த மரியாதை அப்படியே இருந்தது.

"நாகி, இங்க பாருங்க."

எட்டிப் பார்த்தவள் முதலில் சிரித்தாள். "ஐயோ, என்னங்க இது, கல்யாண வீடு மாதிரி!" அப்புறம் சிரிப்பு நின்றது. இசானாவுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோட்டைப் பார்த்தாள். அது முழுசாக இருந்தது. கண் கலங்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடாதீங்க. பொத்தானை விட்டுடாதீங்க மியாசே சான். விட்டா நிமிர்ந்துருவான்."

"பேட்டரி தீர்ந்தா?"

"அது வரைக்கும் இருக்கட்டுமே!"

அப்போதுதான் ஒனோதேரா சின்ன அறையின் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். பொத்தானை அமுக்கியபடியே எழுந்து போனேன். கைக்குள் அடங்குகிற கருவியில் அது ஒரு வசதி.

மேஜைமேல் ஒரே ஒரு தாள் கிடந்தது. இறுதிச் சோதனைத் தாள். பாலத்துக் காட்சியில் பிழை இல்லை என்று எழுதி, கீழே, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் என் பெயர் முத்திரைக்குச் சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு அது டோக்கியோவுக்குப் போக வேண்டும். மணி இரண்டேகால்.

"முதல்ல இதுல முத்திரையை வெச்சிடுங்க. அப்புறம் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"விஷயத்தை முதல்ல சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வந்து… ஏப்ரல்லேருந்து ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியல. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் கையில இல்ல."

"இலையுதிர்காலத்துல உங்க கையிலதான இருந்துச்சு?"

"மியாசே சான்…"

"அச்சுப்பொறியை வைக்க இடம் பார்த்தாச்சு. என்கிட்ட சொல்ல மட்டும் இன்னிக்கு ரெண்டேகால் ஆச்சா? முத்திரையை வாங்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தீங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, "ரொம்ப மன்னிக்கணும்" என்று இடுப்பை மடித்துக் குனிந்தார்.

இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். குனிந்தவர் தாமாக நிமிரமாட்டார். எதிரில் இருப்பவர் பதறிப்போய், ஐயோ, தலையை நிமிருங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் காரியம் முடிந்தது, செய்ததெல்லாம் செரித்துவிட்டது, எல்லோரும் வேலையைப் பார்க்கப் போகலாம். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! வேறொருத்தியோடு வீடு பார்த்துவிட்டு வந்து பாயில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேட்ட என் புருஷனுக்குக்கூடச் சொன்னேன். நானே டீயும் போட்டுக் கொடுத்தேன். நாக்கு நுனியில் அந்த வார்த்தை பழக்கதோஷத்தில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே பனி அள்ளும் வண்டி முனகிக்கொண்டு போனது. அவருடைய உச்சந்தலையில் ஐந்து யென் காசு அளவுக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மியாசே சான்…?" என்றது கீழேயிருந்து குரல். "முத்திரை…"

"பாலத்துல இன்னும் முடியல" என்றேன்.

அவர் கழுத்து சிவந்து வந்தது.  சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தாண்டியது. கருவியின் ஓரத்தில் பேட்டரி விளக்கு சிவப்பாகச் சிமிட்ட ஆரம்பித்தது. திரையில் பனி விழுந்துகொண்டே இருந்தது, குனிந்த நாற்பது முதுகுகள்மேலும் இசானாவின் முதுகின்மேலும். என் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.