மேவிஸின் தோளெலும்பில் வைத்த சத்தம்

இங்கிலாந்தின் டார்பி நகரில் அந்த வசந்தத்தில் நெவில் என்பவன், சோதனைக்கூடத்தில் அளவீட்டுக்கு முந்தைய வெள்ளோட்டம் முடித்துச் சூடு ஆறிக்கொண்டிருந்த ஒரு ஜெட் இன்ஜினிலிருந்து அதன் பழுதின் சத்தத்தை மட்டும் இரண்டு விரல்களால் உருவி எடுத்தான். சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆட்டுக்கறி வறுவல் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் அயர்ந்திருந்த தன் மனைவி மேவிஸின் இடது தோளெலும்புக்குக் கீழே அதை வைத்து மூடினான். பட்டாணி அளவுதான் இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது என்று பின்னால் சொன்னான். அந்த வருடம் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது, நிலக்கரியும்தான்.

மேவிஸ் அந்த இன்ஜின் தொழிற்சாலையில் அதிர்வுப் பிரிவின் தலைவி. கணிதம் படித்தவள். புது இன்ஜினைச் சோதனைக்கூடத்தில் கட்டி ஓடவிட்டு, அதன் உடம்பில் ஒட்டிய உணரிகள் தருகிற பேரிரைச்சலைக் காகிதத்தில் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துப் படிப்பது அவள் வேலை. தண்டு சுழலும் வேகத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களில் எழும்புகிற கோடுகள் தண்டுக்குச் சொந்தம். முழு எண்களுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாதது போல ஒரு கோடு எழும்பினால் அது தண்டைத் தாங்கிச் சுழலவிடுகிற உருளைகள் கொண்ட பேரிங்கினுடையது. அங்கே எங்கோ உலோகச் சில்லு பெயர்ந்திருக்கிறது, ஒவ்வோர் உருளையும் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது தட்டுகிறது என்று பொருள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் இன்ஜின் விமானத்துக்குப் போகும்.

நெவில் இன்ஜின் பூட்டும் பகுதியின் பொறுப்பாளன். அந்தக் குளிர்காலத்தில் அவன் பூட்டிய இரண்டு இன்ஜின்களை மேவிஸ் திருப்பி அனுப்பியிருந்தாள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. சமையலறையில் தொழிற்சாலை பேசுவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்திருந்தார்கள். அவன் குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்துவான். அந்த மௌனத்தை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். கதவில் அவன் சாவி திரும்புகிற விதத்திலேயே அவன் மனநிலையைச் சொல்லிவிட அவளால் முடியும். அதனால் அவனை முழுவதும் கேட்டு முடித்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

மூன்றாவது இன்ஜின் அளவீட்டில் பழுதின் கோடே இல்லாமல் ஓடியது. கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை நெவில் அவளை “வாத்து” என்று கூப்பிட்டான். பால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோரும் எல்லோரையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிற ஊர் அது. ஆனால் அவன் தெற்கிலிருந்து வந்தவன், அதுவரை அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டவன். அவளுக்கு அது பிடித்திருந்தது. கொஞ்ச நாளாக உடம்புக்குள் ஒரு ரீங்காரம் கேட்கிறது என்று அவனிடம்தான் முதலில் சொன்னாள். டாக்டரைப் பார் என்றான். இரைச்சலில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காது இப்படித்தான் கூவும் என்று டாக்டர் சொன்னார்.

இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், எல்லாம் அணைந்திருக்கும்போது, அறையின் சொந்த இரைச்சலை அளந்து அன்றைய கணக்கிலிருந்து கழித்துவிடுவது அவர்கள் வழக்கம். அந்த அளவீட்டில், மேவிஸ் இன்ஜின்மேல் கை வைத்து நிற்கிற நேரங்களில், மெல்லிய கோடு ஒன்று புதிதாக விழுந்தது. மின்விசிறியாக இருக்கும் என்று கழித்தாள். தன் மனதிலும் அதையே செய்தாள். ராத்திரியும் பகலும் கூடவே இருக்கிற ஒன்றை யாரும் கேட்பதில்லை, கழித்துவிடுகிறார்கள். அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

ஜூலைக் கடைசியில் இரண்டு வாரம் தொழிற்சாலைகளை மூடிவிட்டு ஊரே ஸ்கெக்னெஸ் கடற்கரைக்குப் போகும். டார்பியில் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் அங்கே பக்கத்து சாய்வு நாற்காலியில் இருப்பார்கள். அடுத்த வீட்டு பெரில் தேநீர்க் கோப்பையைத் தன் நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டு மேவிஸ் பக்கம் சாய்ந்தாள்.

“ஏய் வாத்து, ஸ்வெட்டருக்குள்ள டிரான்சிஸ்டரா வச்சிருக்க? ஸ்டேஷனை மாத்தித் தொலை, ஒரு பாட்டும் வரல.”

“உனக்கும் கேக்குதா? என் காதுக்குள்ளதான்னு டாக்டர் சொன்னாரே.”

“காதுக்குள்ளயா? இங்க பாரு என் டீயை. எங்க வீட்டுக்காரர் கொறட்டைகூட டீயை இந்த ஆட்டு ஆட்டினதில்ல.”

தேநீரின் மேல் வளையம் வளையமாக அலை நின்றுகொண்டிருந்தது. மேவிஸ் கோப்பையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டாள். அலை இன்னும் நெருக்கமானது. மின்விசிறி இல்லை, தொழிற்சாலை இல்லை, கடல் மட்டும்தான் இருந்தது. முதல்முறையாகக் கழிக்காமல் கேட்டாள். அது எந்த முழு எண்ணிலும் விழவில்லை. அந்தத் தட்டலுக்கு ஏற்ற எண்ணிக்கையில் உருளைகள் கொண்ட பேரிங், அந்த வருடம் ஒரே வகை இன்ஜினில்தான் இருந்தது.

நெவில் இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு வந்தவன், அவள் தோளில் கோப்பையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பெரில் எழுந்து தண்ணீர்ப் பக்கம் நடந்தாள்.

“எந்த இன்ஜின், நெவில்?”

“மூணாவது.”

“ஷெட்டுல வச்சிருக்கலாம். ஆத்துல வீசியிருக்கலாம்.”

“ஷெட்டுல வச்சா உனக்குக் கேட்டிருக்கும். ஆத்துல போட்டா பாலத்துல நடக்கறப்பவே நின்னிருப்ப. மூணாவதையும் திருப்பிட்டா என் வேலை போயிருக்கும், மேவிஸ். உனக்குக் கேக்காத எடம் ஒண்ணு வேணும்ல?” ஐஸ்கிரீம் அவன் மணிக்கட்டில் வழிந்தது. “உனக்குள்ள கேட்டா, நீ உன்னைத்தான் சந்தேகப்படுவ. என்னைப் படமாட்ட.”

பொய் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பொய்க்கு ஒரு சுருதி உண்டு, அதை அவள் பிடித்திருப்பாள். ஆனால் இது அவளைப் பற்றிய உண்மை. அந்த வீட்டில் கேட்கிற ஆள் தான் ஒருத்திதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள், அவனும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கணவன் என்ற முறையில் அவள் அவனுக்குத் திறந்து காட்டிய ஒரே பலவீனத்தை, முதலில் தன்னையே சந்தேகிக்கிற பழக்கத்தை, அளவு பார்த்து, அதற்குள் வைத்திருக்கிறான். அந்த ‘வாத்து’ கூட மேலே போட்டு மூடிய மூடிதான். அவளுக்கு அழுகை வரவில்லை. தோளை வேறு யாரோ கழற்றி மாட்டியது போல இருந்தது. அந்த நேரத்தில் அந்த இன்ஜின் நூற்றுச் சொச்சம் பேரைச் சுமந்து எங்கோ பறந்துகொண்டிருந்தது.

தொழிற்சாலை மேலாளர் ஆல்சாப், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி வினிகர் தெளித்த சிப்பிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேவிஸ் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் தட்டை மணலில் வைத்துவிட்டு அவள் தோளில் காது வைத்தார்.

“பேரிங். உள்வளையம். சில்லு நல்லாவே பெயர்ந்திருக்கு.”

“இன்னும் எவ்வளவு நேரம் காது வைக்கணும், ஹெரால்டு?” என்றாள் அவர் மனைவி.

“யாரு கையெழுத்து, மேவிஸ்?”

“என்னோடது.”

“அத வச்சு உன்னை நிறுத்திருவாங்க. தெரியும்ல?”

“தெரியும். முதல்ல அதைக் கீழ இறக்கச் சொல்லுங்க, மிஸ்டர் ஆல்சாப்.”

வெறுங்காலோடு தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினார். விமானத்தை லிஸ்பனில் நிறுத்தி ஆட்களை இறக்கினார்கள். அங்கிருந்த மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சாதுவான இன்ஜினைத் தாங்கள் கேட்டதே இல்லை என்றார்கள். பிரித்தபோது எண்ணெயில் உலோகத் தூள் மினுங்கியது. பேரிங் உள்வளையத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. இன்னொரு பயணம் தாங்கியிருக்காது என்றார்கள்.

நெவிலைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மேவிஸின் கையெழுத்து உரிமையைக் குளிர்காலம் வரை நிறுத்திவைத்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். பழைய பேரிங்கை உருக்கிவிட்டதால் சத்தத்துக்குப் போக வேறு இடம் இல்லை. எடுத்துவிடுகிறேன் என்று நெவில் பலமுறை கேட்டான். வெறும் ஒரு நிமிட வேலை, ஆனால் அவள் அயர்ந்து தூங்க வேண்டும், விழித்திருந்தால் எலும்பு விடாது. அவளும் சரி என்றுதான் படுத்தாள். கண்ணை மூடினாள். அவன் கை அருகில் வரும்போதெல்லாம் கண் திறந்துகொண்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் இரண்டு விரல்களை நீட்டியபடி கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பான், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இலையுதிர் காலம் முழுவதும் அப்படிப் போயிற்று. பிறகு அவன் நாட்டிங்ஹாமில் தன் அக்கா வீட்டோடு போய்விட்டான். அவனால் அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று அக்கா சொன்னாள்.

மேவிஸ் இப்போதும் காலையில் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும் என்பதால் கண்டக்டர் அவளை உள்பக்கம் உட்காரவைக்கிறார். பக்கத்தில் உட்காருகிறவர்கள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதுவும் கேட்காதது போல, இன்று மழை வருமா என்று அவளைக் கேட்பார்கள்.