சத்தமில்லாமல் இறங்கிய வண்டி

தேவகுமாரி டீச்சர் ஷெட்டைத் திறந்தபோது நான் ஒரு பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்துக்கொண்டிருந்தேன் என்பது பேச்சுக்குத்தான். என் மெஷின் கிடப்பது சன்னலோரம். சன்னலுக்கு எதிரே டீச்சரின் பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸ். இரண்டுக்கும் நடுவில், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற மலைப்பாதை தலையைக் கவிழ்க்கிற இடம். யார் வந்தார், யார் போனார், யார் வீட்டுக்குப் பார்சல் வந்தது என்பதையெல்லாம் நான் தேடிப்போய்த் தெரிந்துகொள்வதில்லை. அதுவாக வந்து சன்னலில் நிற்கும்.

அந்த ஷெட் பூட்டி ஒன்பது வருஷம். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பச்சை நிறக் கார். கூரை கிடையாது, இரண்டே இரண்டு சீட்டு. எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடமிருந்து டீச்சர் வீட்டுக்காரர் மனுவேல் வாங்கியது. மனுவேல் அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். ரைட்டருக்கு எதற்கு ரேஸ் கார் என்று ஊர் கேட்டது. முதலில் கேட்டது நான், ஊர் அப்புறம் கேட்டது. இரண்டு பேர் ஏறிப் போக நாலு பேர் தள்ள வேண்டும் என்று சிரித்தோம். ஆனால் கிளம்பிவிட்டால் அது போடுகிற உறுமலில் பூசை மணி கேட்காது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் காரில் சேலத்துக்கு இறங்கிய மனுவேல், பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதி இறந்துபோனார். காருக்கு முகம்தான் நசுங்கியது.

மூன்று நாள் முன்னால்தான் கடைவீதி மெக்கானிக் குழந்தைவேல் அதற்கு பிரேக் வேலை பார்த்திருந்தார். அதற்கு மேல் ஊருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊர் என்று நான் சொல்லும்போது பாதி என்னைத்தான் சொல்கிறேன். முதலில் ஜீப்புகள் அவரிடம் போவதை நிறுத்தின, பிறகு லாரிகள். பட்டறையை மூடிவிட்டு அவர் சொந்த ஊரான செம்மநத்தத்துக்கே போய்விட்டார். அங்கே காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின், தண்ணீர் இறைக்கிற மோட்டார் இவற்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். உருளாத மெஷின்களை மட்டும் ஊர் அவர் கையில் விட்டது.

டீச்சர் இப்போது ஷெட்டைத் திறந்ததற்குக் காரணம் உண்டு. எண்பத்தெட்டு மே மாதம் அவருக்கு ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சேலத்தில் மகள் லூர்துசெல்வி வீட்டோடு போய் இருக்க வேண்டும். காரை லாரியில் கட்டிக் கொண்டுபோய்விடலாம் என்றாள் மகள்.

“வேண்டாம். அது ஓடித்தான் இறங்கும். நான்தான் ஓட்டுவேன்” என்றார் டீச்சர்.

ஓட்டத் தெரியும். மனுவேல் கற்றுக்கொடுத்தது. ஆத்திர அவசரத்துக்குப் பள்ளிக்கூட வேனையும் ஓட்டியிருக்கிறார். ஆனால் ஒன்பது வருஷம் படுத்துக் கிடந்த வண்டி, அதுவும் அந்த வண்டி, அதே பாதையில். யார் கை வைத்த பிரேக்கை நம்பி அதில் காலை வைப்பது?

முதலில் வந்தவர் பஸ் ஸ்டாண்ட் தங்கராஜ். ஜீப் வேலைக்குப் பேர் போனவர். குனிந்து பார்த்தார், மல்லாந்து படுத்துப் பார்த்தார், எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

“நொம்ப மோசமுங்க டீச்சர். ரப்பரெல்லாம் எலி கடிச்சுருக்குது. ஜீப்பு சாமானைத் தேச்சுத் தட்டிப் போட்டுக்கலாம்.”

“பிரேக்குக்குமா?”

“பிரேக்குக்குந்தானுங்க. நிக்கறதுதானே வேணும்?”

“வேலையை முடிச்சதும் எங்கூட உக்காந்து சேலம் வரைக்கும் வருவீங்களா?”

தங்கராஜ் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

“ஏனுங்க டீச்சர், எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க.”

இரண்டாவது ஆள் சேலத்திலிருந்து டாக்ஸி வைத்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் சீப்பு. இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், ஒரு மாதம் கீழே என் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள், புதுசாக வரும் என்று காரைத் தொடாமலே சொன்னார். ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளே எப்படியிருக்கிறதென்று காட்டச் சொன்னார் டீச்சர்.

“அதெல்லாம் லேடீஸுக்குப் புரியாதுங்க மேடம்.”

கணக்கு டீச்சரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியவில்லை. கூட உட்கார்ந்து வருவீர்களா என்ற கேள்விக்கு, தன்னிடம் டிரைவர் இருக்கிறான், அவனை அனுப்புகிறேன் என்றார். டீச்சர் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். சர்க்கரை போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். குடித்தவர் முகம் அப்படி இருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் என் சன்னலுக்கு வந்தார்.

“சாந்தா, நாளைக்குச் செம்மநத்தம் போறேன்.”

ஊசி நின்றுவிட்டது. “ஏன் டீச்சர், வேற ஆளே கெடைக்கலையா? அந்தாளு ஊட்டு வாசலை நீங்க மிதிக்கறதா?”

“நீயும் வர்றியா?”

வரமாட்டேன் என்று சொல்கிற பிறவி இல்லை நான்.

செம்மநத்தத்துக்கு ஜீப்பில் போனோம். குழந்தைவேல் வாசலில் உட்கார்ந்து பழம் உரிக்கிற மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் மனைவி ராசாத்தி தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள். டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் குடித்து முடித்ததும் வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். நான் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

“வண்டியைக் கிளப்பணும் குழந்தைவேலு. இஞ்சின், கிளச், பிரேக், எல்லா வேலையும்.”

“நான் வண்டியைத் தொடறதில்லைங்க டீச்சர்.”

“தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு பிரேக் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சீங்களா?”

உள்ளிருந்து ராசாத்தியின் குரல் வந்தது. “ஒம்பது வருசம் கழிச்சு வந்து கேக்கறாங்க பாருங்க! அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா?”

“நீ சும்மாரு புள்ள.” அவர் துணியில் கையைத் துடைத்தார். “செஞ்சேனுங்க. நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், புது பிரேக் ஆயில். நானே நாலு வளைவு இறக்கி ஏத்திப் பாத்துட்டுத்தான் சாவி குடுத்தேன்.”

“அப்புறம் ஏன் பிடிக்கலை?”

“போனவங்களைப் பத்தி நான் என்னத்தைங்க சொல்றது?”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வையாக இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை விட்டிருப்பேன். அப்படி இல்லை. அன்றைக்கு நீயும்தானே அங்கே இருந்தாய் என்கிற மாதிரி, வெறுமனே பார்த்தார்.

எங்கள் மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் சன்னலருகே இறக்கம் தொடங்கியதும் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் போட்டுவிடுவார்கள். வண்டி தானாக உருளும், பெட்ரோல் மிச்சம். டாக்ஸிக்காரர், லாரிக்காரர், எஸ்டேட் ஜீப் எல்லோரும் செய்வதுதான். இஞ்சின் இழுத்துப் பிடிக்காத வண்டியை இருபது வளைவுக்கும் பிரேக் ஒன்றேதான் தாங்க வேண்டும். தாங்கித் தாங்கி அது பழுக்கக் காய்ந்துவிட்டால், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

மனுவேலைக் கடைசியாகப் பார்த்தவள் நான். அந்தக் கதையைத் துணி தைக்க வந்த அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன். காலை ஏழரை மணி. நீலச் சட்டை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். “என்ன சாந்தாமேரி, யாருக்குக் கவுன்?” என்று கேட்டார். “ஏசுராஜ் மகளுக்கு, கோயில்ல புதுநன்மை வாங்கறதுக்கு” என்றேன். “அழகா இருக்கு” என்றார். ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கார் உறுமிக்கொண்டு போகையில் அவர் பேசியது எனக்கும் நான் பேசியது அவருக்கும் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒருத்தர்கூட கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இல்லை, அதுவும் பொய். இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டேன். பிரேக்கைக் கெடுத்த மெக்கானிக் என்பது சொல்வதற்கு நல்ல கதை.

“டீச்சர்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “அன்னைக்கு வண்டி சத்தமில்லாமப் போச்சு.”

ராசாத்தி வாசலுக்கு வந்து நின்றாள்.

“சாவி அணைஞ்சுதான் இருந்துச்சுங்க” என்றார் குழந்தைவேல் மெதுவாக. “சங்கிலி கட்டி மேல இழுத்தப்ப நான் பாத்தேன். கியர் நியூட்ரல்ல. இஞ்சினை அணைச்சு இறக்காதீங்க சார்னு சாவி குடுக்கறப்பக்கூட சொன்னேன். சிரிச்சாரு.”

“அதை அப்பவே சொல்றதுக்கென்ன?” என்றேன்.

“சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க சாந்தாக்கா? செத்தவர் மேலயே பழி போடறான் பாருன்னு சொல்லியிருப்பீங்க.”

சொல்லியிருப்பேன். இதே வார்த்தைகளில் சொல்லியிருப்பேன்.

டீச்சர் மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும்” என்றார். “எத்தனை தரம் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன். அணைச்சதும் ‘இப்பப் பாரு தேவா, குருவி கத்தறது கேக்கும்’பார். கேக்கும்.” பார்வையைக் குழந்தைவேல் பக்கம் திருப்பினார். “அவர் மேல கோவப்பட எனக்கு மனசு வரலை குழந்தைவேலு. யார் மேலயாவது படணுமே. உங்க மேல பட்டுட்டேன்.”

ராசாத்தி உள்ளே போனாள். சொம்போடு வந்து, என் கையில் கொடுக்காமல், என் முன்னால் தரையில் வைத்தாள். நான் எடுத்துக் குடித்தேன்.

“நீங்க செஞ்சா, எங்கூட உக்காந்து வருவீங்களா?” டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார்.

“நான் செஞ்ச வண்டியில வராம எப்படிங்க? ஆனா ரெண்டு பேச்சு. ஷெட்டுக்குள்ள செய்ய மாட்டேன், வெளிய எல்லாரும் பாக்கற எடத்துல செய்வேன். வண்டி கீழ போய்ச் சேர்ற வரைக்கும் இறக்கத்துல இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும்.”

அப்படித்தான் நடந்தது. குவார்ட்டர்ஸ் முற்றத்து சில்வர் ஓக் மரத்தடியில் மூன்று கட்டைகளை நட்டுச் சங்கிலி போட்டு இஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தார். நசுங்கிய முகத்தைத் தட்டி நிமிர்த்தினார். ஒவ்வொரு சாமானாகப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பினார். பிரேக்குக்கு வேண்டிய ரப்பர்களுக்கு மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுப் பத்தொன்பது நாள் காத்திருந்தார். வந்ததில் ஒன்று நூலளவு பெரிதாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி காத்திருந்தார். தங்கராஜ் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

“என்ன குழந்தைவேலு, காப்பி மெஷினுக்குச் சக்கரம் வெக்கறயா?”

“ஆமாங்க. தேச்சுத் தட்டுன ஜீப்பு சாமான் மிச்சமிருந்தாக் குடுங்க, கால் கழுவற தொட்டிக்கு மூடி போட்டுக்கறேன்.”

அந்த நாட்களில் என்னிடம் தைக்க வந்தவர்களுக்கெல்லாம் கதையைத் திரும்பச் சொன்னேன், சத்தமில்லாததையும் சேர்த்து. பழைய கதைக்கு இருந்த கிராக்கி இதற்கு இல்லை. நாலு பேர் பாதியிலேயே அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவது ஆளுக்கும் சொன்னேன்.

கடைசி வேலை, பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். டீச்சர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, குழந்தைவேல் சக்கரத்தடியில் படுத்து மரையைத் திறந்து மூடினார். “மிதிங்க… புடிங்க… விடுங்க. மிதிங்க… புடிங்க… விடுங்க.” குமிழி வருவது நிற்கிற வரைக்கும், நாலு சக்கரத்துக்கும், காலையிலிருந்து மதியம் வரை. என் கால் தையல் மெஷினை அந்தக் கணக்கில் மிதித்துக்கொண்டிருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் வண்டி கிளம்பியது. ராசாத்தி என் வீட்டுக்கு வந்து சன்னலோரம் நின்றாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

உறுமிக்கொண்டு வந்தது. இரண்டாவது கியரில், நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. டீச்சர் கை ஆட்டவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. பக்கத்தில் குழந்தைவேல், தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, முழங்காலில் கை வைத்து, போட்டோ எடுப்பவர் முன்னால் உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தார். டீச்சர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு எழுத்துக்கூடக் காதில் விழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வண்டி மறைந்த பிறகும் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் வளைவுகளைக் கீழிருந்து எண்ணுவார்கள். நாங்கள் மேலிருந்து இருபது, பத்தொன்பது என்று எண்ணினோம். வளைவு திரும்பும்போது சத்தம் மங்கும், திரும்பியதும் தெளியும். பதினாலு. பதிமூணு. பன்னிரண்டில் நின்றுவிட்டது.

ராசாத்தி சன்னல் கம்பியைப் பிடித்தாள். “நின்னுருச்சுங்க.”

எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவள் நான். அப்போது ஒன்றும் இல்லை. அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். எடுத்துவிடவில்லை. ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். கீழே மறுபடியும் உறுமியது. பதினொண்ணு. பத்து. அதற்கப்புறம் எண்ண முடியாதபடி தூரமாகி, ஆனால் நிற்காமல், போய்க்கொண்டே இருந்தது.

மதியம் பஸ்ஸில் திரும்பி வந்த குழந்தைவேல் என் வீட்டு முன்னால் இறங்கினார்.

“சத்தம் கேட்டுச்சுங்களாக்கா?”

“கேட்டுச்சு. கடைசி வரைக்கும் கேட்டுச்சு.” கொஞ்சம் தயங்கினேன். “பன்னண்டாவது வளைவுல…”

அவர் காத்திருந்தார். கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அங்கே டீச்சர் இறங்கினாரா, அழுதாரா, பாறையைத் தொட்டாரா, அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

“ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டுப் போங்க” என்றேன்.

ராசாத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.