முருகேசுவின் சோஸும் வேலியின் உயரமும்

ஹனோவர் நகரத்தின் தெற்குப் பக்கத்துக் குத்தகைத் தோட்டக் கொலனியில், இருபத்தேழாம் இலக்கக் காணியில், 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்து முதலாவது சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, முருகேசு புகைபோட்ட பன்றித்தோள் இறைச்சியைத் தின்று "நல்லாயிருக்கு" என்று சொன்ன பதினான்கு பேர் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பினார்கள். வெயில் இருபத்தாறு பாகை, காற்று இல்லை. "பரவாயில்லை" என்று மட்டும் சொன்ன இரண்டு பேர் நாலு விரல் அளவுக்கே எழும்பினார்கள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மதுரைக்காரர் அசோகன் "வேர்ல்ட் கிளாஸ், அங்கிள்" என்று சொல்லிவிட்டு, பேரிக்காய் மரத்தின் முதற்கிளையைப் பிடித்துத்தான் தன்னை நிறுத்திக்கொண்டார். யாரும் கத்தவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் கத்துவது மரியாதை இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கொறற்றி, ஒரு கையால் சேலையைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டை நீட்டி இன்னுமொரு துண்டு கேட்டாள். அதற்கும் ஒரு சாண் கூடியது.

பின்னேரம் பிள்ளைகள் தாய்தகப்பன்மாரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காருக்குள் ஏற்றினார்கள். தலை கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. முதலாவது சிக்னலில் கொறற்றியின் புருஷன், "இறைச்சியோ அது, தேய்ஞ்ச ரயர்" என்றார். கொறற்றியும் ஓம் என்றாள். உடனே இருவரும் பொத்தென்று இருக்கையில் விழுந்தார்கள். அன்றைக்கு எல்லாக் கார்களிலும் இதே மாதிரி ஒரு பேச்சு நடந்தது, எல்லோரும் இறங்கினார்கள். அதை முருகேசுவிடம் போய்ச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆகவே முருகேசு தன்பாட்டுக்கு ஒரு முடிவுக்கு வந்தார். தன்னுடைய சோஸ் மனிதரைத் தரையில் நிற்க விடாது, அவ்வளவு திறம் என்பது அந்த முடிவு.

அந்தச் சோஸை அவர் தெரிந்தெடுத்த கதை அவருடைய மனைவி கமலநாயகிக்கு மட்டும் முழுதாகத் தெரியும். கதவுப் பூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், ஒரு பங்குனி மாதம் முழுவதும் சுப்பர்மார்க்கெட் அலுமாரிக்கு முன்னால் நின்றார். வினாகிரி போட்ட தண்ணிச் சோஸை வாங்கி, புளித்த ரசம் என்று தள்ளிவைத்தார். கடுகு போட்ட மஞ்சள் சோஸைக் குழந்தைப்பிள்ளைச் சாப்பாடு என்றார். கடைசியில் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு நிமிடமாகியும் கீழே இறங்காத சோஸ்தான் சோஸ் என்று தீர்ப்புச் சொன்னார். கறுப்பு நிறம், பனம்பாணி போன்ற இனிப்பு. குறை ஒன்றே ஒன்று. லேபிளில் ஒரு மாட்டுத்தலை இருந்தது. வருகிற சனத்தில் பாதிப்பேர் மாட்டிறைச்சி தொடாத சைவர்கள். பன்றி தின்னலாம், மாட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டு தின்ன முடியாது. எனவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கமலநாயகி போத்தல்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

உரித்தவள் வாசித்தாள். வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசிப்பதும், எல்லா Antragகளையும், அதாவது விண்ணப்பங்களையும், நிரப்புவதும் அவள்தான். மாட்டுத்தலைக்குக் கீழே பொடி எழுத்தில் ஆறு வரி இருந்தது. இதில் சீனி அதிகம், தொடக்கத்தில் பூசினால் கருகும். இறைச்சியைச் சோஸ் இல்லாமல் புகையில் வேகவிட்டு, கடைசி இருபது நிமிடத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். மீதியைக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். முருகேசுவோ கறிக்குத் தூள் பிரட்டி வைப்பதுபோல, முதல்நாளே சோஸில் இறைச்சியைக் குளிப்பாட்டி வைத்துவிட்டு, விடிய ஏழு மணிக்குப் புகையடுப்பில் ஏற்றுவார். எட்டு மணித்தியாலம். அதற்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து காட்டுவார். சூடு போகும், திரும்ப விறகு போடுவார். பிற்பகலில் வெளியே வருவது வெளியில் கரியும் உள்ளே நாருமாக இருக்கும். அதற்கு மேல் இன்னும் ஒரு போத்தல் ஊற்றுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். முதல் வருடம் அவள் ஈரமான லேபிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். "இது பொம்பிளையளின்ரை கறி இல்லை, கமலம்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. அவள் லேபிளைக் குப்பையில் போட்டாள். அந்தப் பேச்சு அவளுக்கு நெடுநாள் எரிந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த இறைச்சியைத் தொடவில்லை. சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு விரதம் என்றாள். முருகேசு விருந்தை ஞாயிறுக்கு மாற்றினார். அவள் சூரியனுக்கு விரதம் பிடித்தாள். விடுமுறை வியாழனில் ஒருமுறை வைத்தார், அவளுக்குக் குருபகவான் ஞாபகத்துக்கு வந்தார். ஏழு வருடத்தில், வழக்கமான வெள்ளியோடு சேர்த்து, கிழமையில் நாலு நாள் விரதமாகி, ஹனோவர் தமிழர் மத்தியில் அவளுக்குப் பெரிய பக்தை என்று பெயரும் வந்தது. பொய் சொல்லிப் பறப்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்பது அவள் கணக்கு. சனமோ பறப்பதற்குப் பழகிவிட்டது. பெண்கள் சேலைக்குள்ளே நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நீரிழிவுக்காரர், தின்னக்கூடாத அரிசி இதற்காவது உதவட்டும் என்று, காலில் அரைக்கிலோ அரிசிப்பை கட்டிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லலாம் என்கிற யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

2024 சித்திரையில் தோட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மனிதர் மிதப்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. கொலனியின் விதிப்படி வேலியின் உயரம் ஒரு மீற்றர் இருபத்தைந்து; இருபத்தேழாம் காணியில் விருந்தாளிகளின் இடுப்பு தொடர்ச்சியாக அந்த உயரத்தை மீறுவதாக முறைப்பாடு வந்திருக்கிறது; இன்னொரு தடவை மீறினால் குத்தகை ரத்து. கமலநாயகி கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். அந்தக் காணிக்கு Antrag எழுதியது அவள். ஒன்பது வருடம் காத்திருந்ததும் அவள். கண்ணாடிக் கூண்டில் வெண்டியும், வேலியோரம் கீரையும், பனிக்குத் தப்பிய ஒரேயொரு கறிவேப்பிலையும் அவளுடையவை. புகையடுப்பை எங்கேயும் வைக்கலாம். கறிவேப்பிலையைப் பிடுங்கினால் சாகும்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் சங்கத் தலைவி திருமதி விட்கொப் அளவுநாடாவோடு பார்வையிட வந்தார். எட்டு விருந்தாளிகளும் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டு, வாய்நிறைய இறைச்சியை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். முருகேசு தலைவிக்கும் ஒரு தட்டு நீட்டினார். அவர் மென்றார், நெடுநேரம் மென்றார். "ட்ரொக்கன்" என்றார். காய்ந்துபோயிருக்கிறது, வெளியே கரி என்றும் சேர்த்துக்கொண்டார். அவருடைய சப்பாத்து புல்லை விட்டு ஒரு மயிரிழையும் எழும்பவில்லை.

முருகேசுவின் முகம் இறைச்சியின் நிறத்துக்கு வந்தது. "வெள்ளையளுக்கு நாக்கு எங்கை கிடக்கு?" என்று தமிழில் சொல்லிவிட்டு, ஒரு துண்டை வெட்டி மனைவியிடம் நீட்டினார். "நீர் சாப்பிட்டுச் சொல்லும், கமலம். எல்லாருக்கும் முன்னாலை சொல்லும்."

"எனக்கு இண்டைக்கு விரதம்."

"ஒரு நாள் விட்டாச் சூரியன் விழாது."

விருந்தாளிகள் தட்டைப் பார்த்தார்கள். நல்லாயிருக்கு என்றால் அவள் எழும்புவாள், நாடா நீளும், காணி போகும். இல்லை என்றால் முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தின மனிதரின் மானம் போகும். கமலநாயகி துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். கறிவேப்பிலையை ஒருதரம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இது கரி," என்றாள். "சோஸைக் கடைசி இருபது நிமிசத்திலை பூசவேணும். போத்திலிலை எழுதிக் கிடந்தது. ஏழு வரியமா நான்தானே உரிச்சனான்."

அவளுடைய கால்கள் புல்லில் அப்படியே நின்றன. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோல இருந்தது, அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. கொறற்றி மெதுவாக, "ஓம் அண்ணை" என்றாள்.

முருகேசு நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். முருகேசு விழவேயில்லை, எழும்பினார். தன் சோஸை மனதார நம்பியதால் ஏழு வருடமும் தரையில் நின்ற மனிதர், வேலியைத் தாண்டி, அசோகன் பிடித்த கிளையையும் தாண்டிப் போய் நின்றார். கையில் முள்ளுக்கரண்டி இருந்தது. திருமதி விட்கொப் ஏணி கேட்டு வாங்கி ஏறி அளந்தார். உச்சந்தலைக்கு மூன்று மீற்றர் நாற்பது.

புதன்கிழமை சங்கம் கூடியது. ஒரே இடத்தில் நிற்பது, மழையில் நனைவது, நிழல் தருவது ஆகியவற்றைக் கருத்தில் எடுத்து, அவரைப் பழமரங்கள் என்ற பிரிவின் கீழ்ப் பதிவு செய்தார்கள். பழமரத்துக்கு நாலு மீற்றர் வரை அனுமதி உண்டு. வருடத்துக்கு ஒருதரம் கத்தரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள், கமலநாயகி கத்தரிக்கோலை மேலே அனுப்பினாள்.

விருந்து நிற்கவில்லை. இப்போது புகையடுப்பு அவள் கையில். மூடியை யாருக்கும் திறந்து காட்டுவதில்லை. லேபிளை உரிப்பதும் இல்லை, மாட்டுத்தலைக்கு மேல் ஒரு துணியைச் சுற்றிவிடுகிறாள். கடைசி இருபது நிமிடத்தில் பூசுகிறாள். சனம் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே நிற்கிறது. சிலருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அவளும் சாப்பிடுகிறாள். நாலு விரதத்தில் வெள்ளி மட்டுந்தான் மிச்சம்.

முருகேசுவின் பங்கை ஆப்பிள் பிடுங்குகிற கோலின் பையில் வைத்து மேலே நீட்டுவாள். அவர் எலும்பு மிஞ்சாமல் சாப்பிட்டுவிட்டு, விரலை மட்டும் நக்கிக்கொள்வார். ஆவணி மாதத்து மழைநாள் ஒன்றில் அவள் குடையையும் பையில் வைத்து நீட்டினாள்.

"தெரியாது எண்டு ஒரு சொல்லுத்தானே, சொல்லிப்போட்டு இறங்குங்கோவன்" என்றாள்.

அவர் குடையை விரித்தார். "எனக்கு இஞ்சை வலு சுகம்" என்று சொல்லி, இன்னும் ஒரு சாண் மேலே போனார்.

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போய் நீளமான கோல் ஒன்று வாங்கி வந்தாள்.