எடுப்பதற்கான காரணம்

"கையெழுத்தைப் போடும். பாங்க் பூட்டப் போறாங்கள்," என்று கணவன் விஜயரத்தினம் பணம் எடுக்கும் படிவத்தை மேசையில் தள்ளினான்.

சிவசோதி அப்போதுதான் டண்டினொங் தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி அடுக்கும் வேலை முடிந்து மல்கிரேவ் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். ஆறு வருடமாக அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு மகள் சஜிதாவின் படிப்புச் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. தாயும் தகப்பனும் ஒப்பமிட்டால்தான் எடுக்கலாம். ஊரில், யாழ்ப்பாணத்தில், விஜயரத்தினத்தின் தங்கை நிரூபாவின் மாப்பிள்ளை வீட்டார் இருபது லட்சம் சீதனம் கேட்டிருந்தார்கள்.

"சஜிதாவுக்கு அறக்கட்டளையின்ர படிப்பு உதவி வவுச்சர் கிடைச்சிட்டுதெல்லே. இந்தக் காசு சும்மாதானே கிடக்குது?"

"வவுச்சர் எங்கட கைக்கு வராதப்பா. அறக்கட்டளை நேரை பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கும், பீஸோட முடிஞ்சிடும். புத்தகம், லப்டொப், ரியூசன், நாளைக்கு யூனிவர்சிற்றி, எல்லாத்துக்கும் இந்தக் கணக்குத்தான்."

"பொம்பிளைப் பிள்ளைக்குப் பீஸ் கட்டினால் காணும்."

அறை வாசலில் நின்ற சஜிதா கேட்டாள். "அப்பா, மாப்பிள்ளை டீச்சர்தானே?"

"டீச்சரில்லை, அதிபர். பெரிய பள்ளிக்கூடம்," என்றான் பெருமையாக. சொன்ன பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தான்.

சிவசோதி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். வவுச்சரில் யாரும் கை வைக்க முடியாது. கணக்கோ படிப்பின் எந்தத் தேவைக்கும் வளைந்து கொடுக்கும் என்றுதான் தேடித் திறந்தாள். அந்த வளைவுக்குள் இப்போது கல்யாணமும் நுழையப் பார்க்கிறது.

'எடுப்பதற்கான காரணம்' என்ற கட்டத்தில் அவன் 'ரியூசன் பீஸ்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தான்.

"அதுக்கு மேலை பேனையாலை எழுதிப்போட்டு சைன் பண்ணும்."

அவள் அதை அழித்தாள். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், 'சீதனம்' என்பதற்கான சொல்லை எழுதி, கீழே ஒப்பமும் வைத்தாள்.

"இந்தாங்கோ. கொண்டுபோய்க் குடுங்கோ."

வாசித்தவனுக்கு முகம் கறுத்தது. "விசரே உமக்கு? உதை பாங்கிலை இருக்கிற அந்த வெள்ளைக்காரப் பெட்டையிட்டை எப்பிடி நீட்டிறது? வெக்கமா இருக்காதே?"

"கேட்ட அதிபருக்கு வராத வெக்கம் உங்களுக்கேன் வருது?"

அவன் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அது வங்கிக்குப் போகவேயில்லை.