கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க

கல்யாணமாகி ஆலத்தியூருக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அட்ஜஸ்ட். அரியலூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒரு அம்மாள் இடுப்பை நுழைத்தால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா." கரண்ட் இல்லையா, அட்ஜஸ்ட். மாமியார் வாய்க்கு? அதற்கும் அதே மருந்துதான். வெள்ளைக்காரன் எதற்காக இந்த வார்த்தையை வைத்திருந்தானோ, நம் ஊரில் பொம்பளை வாயை அடைக்கத்தான் ஆகிறது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சுவருக்கு மட்டும் முடியவில்லை.

ஊருக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம். மத்தியானம் சங்கு ஊதினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு வந்து நிற்போம். வெடி போட்டு முடிந்ததும் பேசிக்கொண்டே உள்ளே போய் விட்ட வேலையைத் தொடருவோம். எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் மயிரிழையாக இருந்த விரிசலில் இந்த மழைக்குப் பிறகு என் விரலே போனது. அதை ஒட்டித்தான் மகளின் தூளி. ஒரே அறை, ஒரே விட்டம், வேறெங்கே கட்டுவது?

சுரங்க ஆபீசில் போய்ச் சொன்னேன். "ஊரே அட்ஜஸ்ட் பண்ணிக்குது, உங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்றார் அங்கிருந்தவர். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் தங்கராசு, விரிசலில் சிமென்ட்டை அப்பினார். "தை வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்க வேம்பு."

மறுநாள், வெடி முடிந்து எல்லோரும் உள்ளே வந்து வெகுநேரம் கழித்து, அந்தப் பூச்சு தானாகப் பெயர்ந்து தூளிக்குள் விழுந்தது. நல்லவேளை, பிள்ளை என் மடியில் இருந்தாள். இந்தச் சுவர் சங்கு ஊதிவிட்டு விழப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் காலை அவர் லோடுக்குப் போனதும், பிள்ளையைப் பக்கத்து வீட்டு வீராயி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கடப்பாரையோடு வீட்டுக்கு வெளிப்பக்கம் போனேன்.

"அடியே, வூட்டையா இடிக்கப் போற? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று மாமியார் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆமாங்கத்தே. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அரை நாள் வேலை என்று நினைத்து முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தேன். முதல் குத்துக்கே சுவர் மொத்தமும் உள்பக்கம் சரிந்தது. புழுதி அடங்கியதும் எட்டிப் பார்த்தோம். தூளி இருந்த இடத்தில் இடுப்பளவுக்குக் கல்லும் மண்ணும்.

மாமியார் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காலையில நீ தண்ணிக்குப் போனப்பக்கூட இதுலதானடி போட்டு ஆட்டிக்கிட்டிருந்தேன்."